ஒருவருடைய படம் மட்டும் தினமும் வருகிறதே, இது பக்கச்சார்பா?

கேள்வி: வீட்டில் இரண்டு தமிழ்ப் பத்திரிகை வாங்குகிறோம். தேர்தல் வந்தால் ஒன்றில் ஒரே வேட்பாளரின் படம் நாள் தவறாமல் வருகிறது. மற்றதில் அதே ஆளைப் பற்றிக் குற்றச்சாட்டு மட்டும்தான். மகள் அடுத்த தேர்தலில் முதன்முதலாக வாக்களிக்கப் போகிறாள். எதை நம்புவது என்று கேட்கிறாள். பக்கச்சார்பை எப்படிக் கண்டுபிடிப்பது, யாரிடம் முறையிடுவது? - வாசகி, வெள்ளவத்தை

பதில்: அந்தப் படம் எந்த வழியாக அங்கே வந்தது என்பதை முதலில் பாருங்கள். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு வாக்களித்த பின், அதன் பட்டியலிலுள்ள வேட்பாளர்களுக்கு இட நமக்கு மூன்று விருப்பு வாக்குகள் உண்டு. 2024 இல் கொழும்பு மாவட்டத்துக்கு 18 ஆசனங்கள். ஒரு பட்டியலில் 21 பேர். ஒரே கட்சிக்காரர்களே விருப்பு வாக்குக்காக ஒருவரோடொருவர் மோதுகிறார்கள். அதனால் பத்திரிகை அந்தக் கட்சியின் பக்கம் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த ஆளின் பக்கமாக இருக்கலாம், அவர் கொடுத்த காசின் பக்கமாகவும் இருக்கலாம்.

காசு கொடுத்து விளம்பரம் போடுவதில் தவறில்லை. 'விளம்பரம்' என்ற குறிப்பே இல்லாமல், செய்தியின் அதே எழுத்தில், நிருபர் பெயரின்றி அது வரும்போதுதான் வாசகர் ஏமாற்றப்படுகிறார். அப்படிச் சந்தேகமான ஒன்றை மகளோடு சேர்ந்து வாசியுங்கள். நேர்காணல் என்றால், பதில் சொல்லச் சங்கடப்படும் கேள்வி ஒன்றாவது கேட்கப்பட்டிருக்கிறதா? கடைசிப் பந்தியில் கட்சிச் சின்னமும், விருப்பு வாக்கிட அந்த வேட்பாளருக்குரிய இலக்கமும் வந்திருக்கின்றனவா? செய்தி எழுதுபவருக்கு அந்த இலக்கம் தேவைப்படாது. அது வந்தால் பெரும்பாலும் பிரசாரம்தான். 2023 ஆம் ஆண்டின் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி வேட்பாளர் தன் செலவுக் கணக்கைத் தேர்தல் அதிகாரிகளுக்குக் காட்ட வேண்டும். செய்தி வேடம் போட்ட விளம்பரம் அந்தக் கணக்கிலிருந்தும் எளிதாக நழுவிவிடும். எனக்கு இதில்தான் அதிகம் கோபம் வருகிறது.

மற்றப் பத்திரிகையின் குற்றச்சாட்டுச் செய்திகளுக்கு வருவோம். குற்றச்சாட்டை வெளியிடுவது பத்திரிகையின் கடமை. சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்டார்களா, கேட்டிருந்தால் அதை எங்கே போட்டார்கள் என்பதே கேள்வி. முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'மோசடி' என்று போட்டுவிட்டு, மறுப்பை இரண்டு நாள் கழித்து உள்பக்க மூலையில் நான்கு வரியாகப் போட்டால், அதை நியாயம் என்று சொல்ல முடியாது. வினைச்சொற்களையும் கவனியுங்கள். ஒருவர் எப்போதும் 'சுட்டிக்காட்டினார்', அவருடைய எதிராளி எப்போதும் 'சாடினார்', 'மழுப்பினார்' என்று வந்தால், தீர்ப்பு செய்தி மேசையிலேயே எழுதப்பட்டுவிட்டது.

ஒரு நாள் பத்திரிகையை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒரு வாரம் எடுங்கள். அடிமட்டத்தால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் கிடைத்த இடத்தை அளந்து, பக்கம், படம், சாதகமா பாதகமா என்று கொப்பியில் குறித்து வாருங்கள். எல்லோருக்கும் சம இடம் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2024 ஜனாதிபதித் தேர்தலில் களத்தில் 38 பேர். பதவியில் இருப்பவரைச் சுற்றி இயல்பாகவே செய்தி கூடும். ஆனால் அமைச்சர் பாலம் திறந்தால் செய்தி, அதே அமைச்சர் தன் சின்னத்துக்கு வாக்குக் கேட்டால் பிரசாரம். இரண்டையும் வேறு வேறாக எண்ணுங்கள்.

ஆசிரியர் தலையங்கத்தையும் பத்திகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்த ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராக அரியநேத்திரன் நின்றபோது ஆதரித்தும் எதிர்த்தும் பத்திகள் வந்தன. கருத்தைக் கருத்தென்று சொல்லி எழுதுவது பத்திரிகையின் உரிமை.

தினகரன் வெளிவரும் லேக் ஹவுஸ் நிறுவனம் 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசின் கைக்கு வந்தது. யார் ஆட்சியில் இருந்தாலும் அது பொதுச் சொத்து. அதனிடம் கூடுதல் நடுநிலையைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. தனியார் பத்திரிகை என்றால் உரிமையாளருக்கு வேறு என்ன தொழில், எந்த அரசியல் தொடர்பு என்று விசாரியுங்கள்.

முறைப்பாட்டை முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். திகதி, பக்கம், தலைப்பு, எது பிழை என்பவற்றைக் குறிப்பிட்டு, வெட்டிய துண்டின் பிரதியையும் இணையுங்கள். பதில் வராவிட்டால், பத்திரிகைத் துறையே 2003 இல் அமைத்த இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்குப் போகலாம். அது தண்டப்பணம் விதிக்கும் நீதிமன்றம் அல்ல. திருத்தமும் பதிலும் வெளிவர வழி செய்யும். தேர்தல் காலத்தில் இராஜகிரியவிலுள்ள தேர்தல் ஆணைக்குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஊடகங்களுக்கு வழிகாட்டல் வெளியிடும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 104ஆ உறுப்புரை அதற்குக் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. 2010 ஜனாதிபதித் தேர்தலில் அரச ஊடகங்களைக் கண்காணிக்க நியமித்த தகுதிவாய்ந்த அதிகாரியின் பேச்சை அவை கேட்காததால், அன்றைய தேர்தல் ஆணையாளர் தயானந்த திசாநாயக்க அந்த நியமனத்தையே விலக்கிக்கொள்ள நேர்ந்தது.

ஆகவே காலம் தாழ்த்த வேண்டாம். வாக்களிப்புக்கு முந்திய 48 மணித்தியால அமைதிக் காலத்தில் வந்த முறைப்பாட்டால், வாக்காளர் கண்ணில் படும்படி ஒரு திருத்தத்தை வாங்குவது மிகக் கடினம். பிரசாரத்தின் முதல் வாரத்திலேயே கொப்பியைத் தொடங்கி, இரண்டாவது வாரத்தில் கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டுவிடுங்கள்.