லட்சத்தீவா, அந்தமான் வண்டூரா? நீச்சல் தெரியாத அப்பா அம்மாவோடு எங்கே போகலாம்?

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிளம்புகிறோம், அப்பா அம்மாவுக்கு நீச்சல் தெரியாது, எனக்கு ஸ்கூபா (காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவது) ஆசை என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு அந்தமானுக்கு. லட்சத்தீவுக்குக் கிளம்பும் கொச்சி நமக்குப் பக்கம்தான், ஆனால் அங்கே போக முன்கூட்டியே பெர்மிட் வாங்கணும், தங்க இடமும் குறைவு. தனியாகப் போவதானால் லட்சத்தீவின் கட்மத் தீவையே சொல்லியிருப்பேன், அந்த லகூனில் (பவளப்பாறை சூழ்ந்த ஆழமில்லாத கடலில்) தண்ணீர் அவ்வளவு தெளிவு.

வண்டூர் (நம்ம மலப்புறத்து வண்டூர் இல்லை, அந்தமானில், இப்போது ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேர் பக்கம்) மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா 1983-இல் வந்தது. அங்கிருந்து ஜாலி பாய் தீவுக்குப் படகு போகும், அடியில் கண்ணாடி வைத்த படகில் உட்கார்ந்தபடியே பெரியவர்கள் பவளப்பாறை பார்க்கலாம், நீங்கள் லைஃப் ஜாக்கெட்டோடு ஸ்நார்க்கலிங் (மூச்சுக்குழாய் வைத்து மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) பண்ணலாம். மழைக்காலத்தில் ஜாலி பாய் மூடியிருக்கும், பதிலுக்கு ரெட் ஸ்கின் தீவு திறப்பார்கள், அதனால் டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் போங்கள். பிளாஸ்டிக் பாட்டில், கவர் எதுவும் உள்ளே விடமாட்டார்கள்.

ஸ்கூபாவுக்கு ஹேவ்லாக் தீவுக்கு (இப்போது சுவராஜ் தீவு) போங்கள். முதல் தடவைக்காரர்களைப் பயிற்சியாளர் பிடித்துக்கொண்டு அதிகபட்சம் 12 மீட்டர் வரை இறக்குவார், நீச்சல் கட்டாயமில்லை. ஆஸ்துமா இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், டைவ் முடிந்து 18 மணி நேரமாவது கழித்துத்தான் விமானம், அதனால் கடைசி நாளுக்கு டைவைத் தள்ளிவைக்காதீர்கள்.