குறட்டை நிற்கும் நேரம்: பக்கவாதமும் இரவு மூச்சும்

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. மூன்று வாரம் முன்பு பக்கவாதம் வந்து இடது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. குறட்டை பல வருடங்களாகவே உண்டு. இப்போது அந்தக் குறட்டை திடீரென்று நின்றுபோகிறது. சற்றுக் கழித்துத் தூக்கிவாரிப்போட்டாற்போல் மூச்சு வாங்குகிறார். ‘அசந்து தூங்குகிறார், விடு’ என்கிறார்கள் வீட்டில். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். குறட்டை நிற்கும் அந்த இடைவெளியில் அவருக்கு மூச்சே ஓடவில்லை. நாக்கின் அடிப்பகுதியும் மெல்லண்ணமும் தளர்ந்து பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிடுகின்றன. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை ஒரு கணம் விழித்துத் தொண்டைத் தசைகளை இறுக்குகிறது. நீங்கள் கேட்கும் உறுமல் அப்போது வருவது. காலையில் கேட்டால் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. இதைத்தான் ஸ்லீப் ஆப்னியா என்கிறோம். பக்கவாதம் வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஏதோ ஓர் அளவில் இது இருக்கிறது.

இன்று இரவே ஒரு காரியம் செய்யுங்கள். சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, மார்பும் வயிறும் தெரியும்படி செல்போனில் பத்து நிமிடம் வீடியோ எடுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் எடுப்பது நல்லது. கனவுத் தூக்கம் அந்த நேரத்தில்தான் அதிகம். தசைகள் மிகவும் தளர்ந்திருக்கும். பிறகு நிதானமாகப் பாருங்கள். மார்பும் வயிறும் மாறிமாறி எழும்பித் தவிக்கின்றன, ஆனால் மூக்கிலும் வாயிலும் காற்றுச் சத்தமே இல்லை என்றால் அது தொண்டை அடைப்பு. மார்பே அசையாமல் கிடந்தால், மூச்சு விடு என்ற கட்டளை மூளையிலிருந்து வரவில்லை. மூச்சு படிப்படியாக ஆழமாகி, படிப்படியாகக் குறைந்து, நின்று, மறுபடி தொடங்குகிறதா? அது செயின்-ஸ்டோக்ஸ் மூச்சு. பக்கவாதத்திலும் இதயச் செயலிழப்பிலும் வரும். மூன்றுக்கும் சிகிச்சை ஒன்றல்ல என்பதால் அந்த வீடியோவை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். பத்து விநாடியும் அதற்கு மேலும் நீளும் இடைவெளிகள்தான் கணக்கு.

அதுவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். தலைமாட்டை 30 டிகிரி அளவுக்கு உயர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். முதுகுப் பக்கம் ஒரு நீளத் தலையணை கொடுத்தால் உருண்டு மல்லாந்துவிடமாட்டார். பலவீனமான தோள் உடம்புக்கு அடியில் நசுங்காமலும், அந்தக் கையைப் பிடித்து இழுக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாத மருத்துவர் தட்டையாகப் படுக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அவரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

கேள்வி: குறட்டையால் பக்கவாதம் வந்ததா, பக்கவாதத்தால் மூச்சுத்தடை வந்ததா?

இரண்டு திசையிலும் நடக்கும். ஆனால் தொண்டை அடைப்பு வகை பெரும்பாலும் பக்கவாதத்துக்கு முன்பிருந்தே இருப்பது.

ஒவ்வோர் அடைப்பும் முடிந்து மூளை விழிக்கும் கணத்தில் அட்ரினலின் பாய்ந்து ரத்த அழுத்தம் குதிக்கிறது. ஆரோக்கியமானவருக்கு இரவில் ரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இவர்களுக்கு இறங்குவதில்லை, சிலருக்கு ஏறவே செய்கிறது. மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் கட்டுப்படாதவர்கள் பலரிடம் தேடிப்பார்த்தால் இரவு மூச்சுத்தடைதான் இருக்கும். அடைபட்ட தொண்டையை எதிர்த்து மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் பெரிய உறிஞ்சு விசை உண்டாகிறது. அது இதயத்தின் மேலறைகளை இழுத்து விரிக்கிறது. வருடக்கணக்கில் இது நடந்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்புக்கு வழி. அங்கே ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி நேராக மூளைக்குப் போகலாம். பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியிலிருந்து மூடாத சிறு திறப்பு இருக்கிறது. மூச்சுத்தடையின்போது வலப்பக்க அழுத்தம் கூடுவதால், காலில் உருவான ரத்தக்கட்டி அந்தத் திறப்பு வழியாக இடப்பக்கம் தாண்டவும் இடமுண்டு.

2005-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 1,022 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். வயது, எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும், மூச்சுத்தடை உள்ளவர்களுக்குப் பக்கவாதமோ மரணமோ நேரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காக இருந்தது.

எதிர்த்திசையில், பக்கவாதம் தொண்டைத் தசைகளைப் பலவீனப்படுத்தி அடைப்பைக் கூட்டும். மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் அடிபட்டால் மூச்சுக் கட்டளையே தடுமாறும். இப்படிப் புதிதாக வந்தது சில மாதங்களில் தானாகவே குறையக்கூடும். ஆகவே முதல் பரிசோதனையோடு நிறுத்தாமல், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பது நல்லது.

கேள்வி: என் கணவர் ஒல்லி. பகலில் தூங்கி வழிவதும் இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகு ஸ்லீப் ஸ்டடி எடுக்கச் சொல்கிறார்கள். தேவையா?

தேவை. பருமன், பகல் தூக்கம் என்ற இரண்டையும் வைத்துத் தேடும் வழக்கமான கேள்வித்தாள்கள் பக்கவாதம் வந்தவர்களிடம் அடிக்கடி தவறிவிடுகின்றன. மூச்சுத்தடை கடுமையாக இருந்தும் ‘எனக்குப் பகலில் தூக்கம் வருவதில்லை’ என்பவர்கள் இவர்களில் நிறைய. சோர்வு, மறதி, எரிச்சல் இருந்தால் எல்லாப் பழியும் பக்கவாதத்தின் மேல் போய்விடும்.

பரிசோதனைக் கூடத்தில் ஓரிரவு தங்கி எடுப்பதே முழுமையானது. மூளை அலை, கண் அசைவு, மூக்கின் காற்றோட்டம், மார்பு-வயிற்றுப் பட்டைகள், ஆக்சிஜன், இதயத் துடிப்பு எல்லாம் பதிவாகும். படுக்கையை விட்டு நகர முடியாதவருக்கு வீட்டுக் கருவியிலும் எடுக்கலாம். ஒன்றுமே எடுக்காமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆக்சிஜன் பார்க்கும் விரல் கிளிப்பைப் பலவீனமான கையில் மாட்டாதீர்கள். வீங்கிக் குளிர்ந்த விரலில் அளவு தப்பும்.

ரிப்போர்ட்டில் ஏ.ஹெச்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்பது அது. 5-க்குக் கீழ் இயல்பு. 5 முதல் 14 வரை லேசு, 15 முதல் 29 வரை நடுத்தரம், 30-ம் அதற்கு மேலும் கடுமை. அந்த எண்ணோடு, அடைப்பு வகை எத்தனை, மூளைக் கட்டளை வகை எத்தனை என்றும் கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு சி-பாப் மெஷின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வலது கை வேலை செய்யாது, வாயும் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. மாஸ்க்கைப் பத்து நிமிடத்தில் பிடுங்கிப் போட்டுவிடுகிறார். என்ன செய்வது?

கருவி செய்வது எளிய வேலை. 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்துக்குள் காற்றைத் தொடர்ந்து செலுத்தி, தொண்டை மடிந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. தோற்பது பெரும்பாலும் மாஸ்க்கில்தான்.

முதல் வாரம் இரவை மறந்துவிடுங்கள். பகலில், உட்கார்ந்தபடி, டி.வி. பார்க்கும்போது பதினைந்து நிமிடம். முதலில் மெஷின் இல்லாமல் மாஸ்க்கை அவரே கையில் பிடித்து மூக்கில் வைத்துப் பார்க்கட்டும். அடுத்த நாள் குறைந்த அழுத்தத்தில் காற்றோடு. பிறகு மதியத் தூக்கத்தில். அழுத்தத்தை மெல்ல ஏற்றும் ‘ரேம்ப்’ வசதியை மருத்துவமனையில் போட்டுத்தரச் சொல்லுங்கள்.

பட்டைகளின் அளவை ஒருமுறை சரிசெய்துவிட்டால் பிறகு தொடவே வேண்டாம். பலவீனமான பக்கத்துக் கிளிப்பை மாட்டியபடியே விட்டுவிட்டு, தொப்பி போடுவதுபோல் மாஸ்க்கை இழுத்துப் போட்டு, நல்ல கையால் மற்றக் கிளிப்பை மட்டும் மாட்டப் பழக்குங்கள். ஒரு கைக்குக் காந்தக் கிளிப் வசதிதான். ஆனால் தலைக்குள் அன்யூரிசம் கிளிப்போ (ரத்தக்குழாய்ப் புடைப்பை அடைக்கப் போட்டது), அழுத்தம் மாற்றக்கூடிய ஷன்ட் வால்வோ (மூளை நீரை வடிக்கும் குழாயில் இருப்பது), பேஸ்மேக்கரோ, அறுவை செய்து செவிக்குள் பொருத்திய கருவியோ இருந்தால் காந்த மாஸ்க் கூடாது. அதை அணிந்தவரின் பக்கத்தில் படுப்பவருக்கு இவை இருந்தாலும் அப்படியே. கடையில் இதை யாரும் கேட்பதில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கோணிய வாய் வழியே காற்று ஒழுகும். அந்த ஓரத்தில் எச்சில் வழிந்து, குஷன் நனைந்து வழுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். பட்டையை இறுக்கினால் மூக்குத்தண்டில் புண் வரும், ஒழுகல் நிற்காது. பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். தாடையைத் தாங்கும் பட்டையை முயன்று பாருங்கள். காற்று கண்ணை நோக்கி அடித்தால், முழுதாக மூடாத கண் காய்ந்து புண்ணாகும்; அப்படியானால் மாஸ்க்கையே மாற்றுங்கள். மூக்கு வழியே உணவு செலுத்தும் குழாய் இருந்தாலும் அந்த இடத்தில் ஒழுகும் என்பதை டெக்னீஷியனிடம் முன்பே சொல்லுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் முழு மாஸ்க்கை, அதைத் தானாகக் கழற்ற முடியாதவருக்குப் போட்டுத் தனியே விடக்கூடாது. வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போகும். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு, முடிந்தவரை மூக்கு மாஸ்க்கே பாதுகாப்பு. சாப்பிட்டவுடன் போடவும் வேண்டாம்.

வாய் உலர்ந்தால் ஈரப்பதமூட்டியில் காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றுங்கள். மிச்சத்தை அன்றன்றே கொட்டிவிடுங்கள். மெஷினைத் தலைக்குக் கீழான உயரத்தில் வையுங்கள், குழாயில் தேங்கும் தண்ணீர் முகத்துக்கு வராது. குஷனைத் தினமும், குழாயை வாரம் ஒருமுறை மிதமான சோப்பு நீரில் கழுவினால் போதும்.

கேள்வி: மெஷினுக்குப் பதில் ராத்திரி ஆக்சிஜன் வைத்தால் போதாதா?

போதாது. தொண்டை அடைபட்டிருக்கும்போது எந்தக் காற்றைக் கொடுத்தாலும் உள்ளே போகாது. ஆக்சிஜன் எண் சற்று நன்றாகத் தெரியலாம். ஆனால் அடைப்பும் விழிப்பும் அழுத்தக் குதிப்பும் அப்படியே தொடரும், சிலருக்கு மூச்சு நிற்கும் நேரம் நீளவும் செய்யும். பக்கவாதம் வந்த எல்லோருக்கும் வழக்கமாக ஆக்சிஜன் கொடுத்தால் பலனுண்டா என்று 8,003 பேரிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. பலன் தெரியவில்லை. அளவு உண்மையிலேயே குறைந்தவர்களுக்கு மட்டும்தான் அது மருந்து.

கேள்வி: சி-பாப் போட்டாலும் பக்கவாதம் குறைவதில்லை என்று ஒரு பெரிய ஆய்வு சொன்னதாகப் படித்தேன். பிறகு எதற்கு இந்தப் பாடு?

நீங்கள் சொல்வது 2016-ல் வந்த ‘சேவ்’ ஆய்வாக இருக்க வேண்டும். இதயநோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ ஏற்கெனவே உள்ள 2,717 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். மொத்தக் கணக்கில் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை என்பது உண்மை. ஆனால் அவர்கள் கருவியை மாட்டியிருந்தது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான். விடியற்காலையின் மோசமான மணிகளில் பலர் அதைக் கழற்றிவிட்டிருப்பார்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களைத் தனியே ஒப்பிட்டபோது பக்கவாதம் குறைவாகத் தெரிந்தது. இதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒழுங்காகக் கருவி போடுபவர் ஒழுங்காக மாத்திரையும் போடுபவராக இருப்பார். பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தது அந்த ஆய்விலேயே தெளிவாகத் தெரிந்தது. எங்கள் கருத்து: மாட்டுவதென்றால் தூங்கும் நேரம் முழுக்க மாட்ட வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையும் ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தும் ஒருநாளும் நிற்கக்கூடாது. கருவி அவற்றுக்கு மாற்றாகாது.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு தூக்கமே வரவில்லை. தூக்க மாத்திரை போடலாமா?

மூச்சுத்தடை இல்லை என்று தெரியும்வரை நீங்களாகப் போடாதீர்கள். பல தூக்க மாத்திரைகளும் மதுவும் தொண்டைத் தசையைத் தளர்த்தி, மூளை விழிப்பதையும் தாமதப்படுத்தும். வலிக்குத் தரும் ஓபியாய்டு மருந்துகள் மூச்சுக் கட்டளையையே மட்டுப்படுத்தும்.

கேள்வி: காலையில் எழும்போதே வாய் கோணியிருந்தால், எப்போது வந்தது என்று தெரியாதே. மருத்துவமனைக்குப் போய்ப் பயன் உண்டா?

உண்டு, உடனே போங்கள். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இப்படித் தூக்கத்தில் வருவதுதான். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். நேரம் தெரியாவிட்டாலும், எம்.ஆர்.ஐ. படத்தில் சேதம் புதியதாகத் தெரிந்தால் ஊசி போட முடியும் என்று 2018-ல் ஓர் ஆய்வு காட்டியது. பெரிய குழாய் அடைபட்டிருந்தால், தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூட கட்டியைக் கம்பிவலை கொண்டு எடுக்கிறார்கள்.

சரியாகிறதா பார்ப்போம் என்று மறுபடி படுக்க வைக்காதீர்கள். குடிக்கவும் எதுவும் கொடுக்காதீர்கள். மருத்துவர் முதலில் கேட்பது ‘கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?’ என்பதுதான். ‘ராத்திரி பத்து மணிக்குப் படுத்தார்’ என்பதோடு நிறுத்தாமல், இரண்டு மணிக்குக் கழிவறைக்கு நடந்து போனதை யாராவது பார்த்தார்களா என்று வீட்டில் எல்லோரையும் கேளுங்கள். அந்த நான்கு மணி நேரம் சிகிச்சையையே மாற்றக்கூடும். அவர் போடும் மாத்திரைகளை, முக்கியமாக ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்தையும் அதைக் கடைசியாகப் போட்ட நேரத்தையும், ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.