கிராமத்துப் பல் கிளினிக் பாதுகாப்பானதா என்று நாமே எப்படிப் பார்ப்பது?

ஆயாவுக்குக் கடைவாய்ப் பல் எடுக்கணும், கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரே ஒரு சேர் போட்ட கிளினிக்தான் இருக்கு, நம்பிக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே சேர் என்பது குறையே இல்லை. பழைய வீட்டு முகப்பு அறையில் நடக்கும் கிளினிக்கிலும் எல்லாம் ஒழுங்காக இருக்கலாம். ஏசியும் கண்ணாடிக் கதவும் போட்ட இடத்திலும் தப்பு நடக்கலாம். ஆயாவின் வாய்க்குள் என்னென்ன போகிறதோ அதை மட்டும் விடாமல் பாருங்கள்: கருவி, தண்ணீர், ஊசி.

பலகையை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். டாக்டர் பெயரோடு பி.டி.எஸ். பட்டமும் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 1997 மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி கிளினிக்குக்கும் தனியாகப் பதிவுச் சான்றிதழ் உண்டு. இவை இல்லாமல் 'பல் கட்டும் இடம்' என்று நடத்துபவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். அவர்கள் பக்கத்துப் பல்லோடு சேர்த்து ஒட்டிவிடும் பிளாஸ்டிக் பல்லுக்கு அடியில் சோறு சேர்ந்து, ஈறு புண்ணாகி, நன்றாக இருந்த பல்லும் ஆட ஆரம்பிக்கும்.

அடுத்து, 'கொய்ங்' என்று சுற்றிப் பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ். கேட்க வேண்டிய கேள்விகளில் முக்கியமானது, "உங்களிடம் எத்தனை ஹேண்ட்பீஸ் இருக்கு, டாக்டர்?" என்பதுதான். சுற்றுவது நிற்கும் நொடியில் அது எச்சிலையும் ரத்தத்தையும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்தவர் வாயில் சுற்றும்போது அது வெளியே வரும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் வெளிப்பக்கம் மட்டும்தான் சுத்தமாகும். ஒவ்வொருவருக்குப் பிறகும் அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் மெஷினில் போட வேண்டும். சூடேறி, நீராவி பிடித்து, காய்ந்து வர ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகும். சாயங்காலம் 6 முதல் 8 மணிக்குள் எட்டுப் பேருக்குப் பல் குடைகிற இடத்தில் இரண்டே ஹேண்ட்பீஸ் இருந்தால், கணக்கு உதைக்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

ஆட்டோகிளேவ் என்று பெயருக்கு ஒன்று இருந்தால் போதாது. பவுச் என்கிற ஒட்டிய உறையில் போட்ட கருவிக்குச் சாதாரண வகையில் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தத்தில் 30 நிமிடம் வேண்டும். ஹேண்ட்பீஸ் போன்ற குழல் உள்ள கருவிகளுக்குக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு 134 டிகிரியில் ஓடும் பி கிளாஸ் மெஷின்தான் சரி. உள்ளே காற்று நின்றால் அங்கே நீராவி போகாது. கொதிக்கும் தண்ணீரில் சில கிருமி வித்துகள் சாகாது. நீல விளக்கு எரியும் பெட்டி, சுத்தம் செய்ததை எடுத்து வைக்க மட்டுமே. குறடின் மூட்டுக்குள் அந்த வெளிச்சம் போகாது. நடுவில் கரண்ட் போனால் அந்தச் சுற்றை முதலிலிருந்து ஓட்ட வேண்டும். நம் பக்கத்து உப்புத் தண்ணீரை ஊற்றினால் வெள்ளையாகப் படிந்து மெஷினே கெடும். டிஸ்டில்டு வாட்டர் கேன் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பவுச்சை ஆயா சேரில் உட்கார்ந்த பிறகு, உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் பிளாஸ்டிக். ஓரத்தில் இருக்கும் சின்ன அடையாளம் நிறம் மாறியிருக்க வேண்டும். பயன்படுத்தாத பவுச் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். காகிதம் ஈரமாகவோ கிழிந்தோ இருந்தால் வேண்டாம். நிறம் மாறியது நீராவி பட்டதற்கு மட்டுமே சாட்சி. கிருமி செத்ததா என்பதை கிருமி வித்துகளை மெஷினுக்குள் வைத்து ஓட்டி, அவை செத்தனவா என்று வாரம் ஒருமுறை பார்க்கும் ஸ்போர் டெஸ்ட்தான் சொல்லும். அதற்கு நோட்டு வைத்திருக்கும் டாக்டர் என்றால் எனக்குப் பாதிக் கவலை போய்விடும்.

தண்ணீர் விஷயத்தில் கூச்சப்படவே கூடாது. 2023-ல் வாணியம்பாடியில் பல் சிகிச்சைக்குப் போனவர்களில் எட்டுப் பேர் மூளையைத் தாக்கும் மெலியோய்டோசிஸ் நோயால் இறந்தார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் கிருமி அது. சர்க்கரை உள்ளவர்களை எளிதில் பிடிக்கும். ஆய்வில் மாட்டியது ஒரு சலைன் பாட்டில். சுத்தம் செய்யாத கருவியால் மூடியைத் திறந்து, பாட்டிலின் வாயைப் பஞ்சால் அடைத்து, மறுபடி மறுபடி எடுத்திருக்கிறார்கள். அதனால் பல் எடுத்த குழியைக் கழுவ ஆயாவுக்கென்று புது சலைன் பாட்டில் உடைக்க வேண்டும், மிச்சம் குப்பைக்கு. சேரிலிருந்து வரும் தண்ணீர் அந்தக் குழிக்கு ஆகாது. அந்தக் குழாய்களுக்குள் பாசி மாதிரி கிருமிப் படலம் பிடிக்கும். காலையில் 2 நிமிடமும் ஒவ்வொருவருக்கும் இடையே 20 முதல் 30 நொடியும் திறந்துவிட வேண்டும்.

மரத்துப்போகும் மருந்து பெரும்பாலும் 30 மி.லி. பாட்டிலில் பலருக்கும் பொதுவாக இருக்கும். அதற்குள் போகும் சிரிஞ்சும் ஊசியும் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும். ஊசியை மட்டும் மாற்றிச் சிரிஞ்சை வைத்துக்கொள்வது தப்பு. ரத்தம் சிரிஞ்சுக்குள்ளும் ஏறியிருக்கும். "இன்னும் வலிக்குது" என்று ஆயா சொன்னால், அதே சிரிஞ்சைத் திரும்பப் பாட்டிலில் குத்துகிறார்களா என்று பாருங்கள். அவசரத்தில் தவறுவது இந்த இடத்தில்தான்.

நல்ல டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லும் முன்பே பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பார். பிரஷர் 180/110-க்கு மேல் இருந்தால் அன்றைக்குப் பல் எடுக்க மாட்டார். இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரைச் சீட்டை அப்படியே கொண்டு போங்கள். எலும்பு வலுவிழப்புக்கு ஊசி போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். எக்ஸ்ரே எடுத்து, எந்தப் பல் என்று எண்ணை எழுதி வாங்குங்கள். கீழ் வலது முதல் கடைவாய்ப் பல் என்றால் 46. டாக்டர் இந்தப் பல்லை இங்கே எடுப்பது சரியில்லை என்று அனுப்பினால் அதை மதியுங்கள். புதுக்கோட்டையில் 2023 முதல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கிளம்பும் முன் டாக்டரின் இரவு நேர போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். பஞ்சை அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஆயா அழுத்திக் கடிக்கட்டும், அன்று முழுக்கத் துப்பக் கூடாது, சூடாகக் காபி வேண்டாம், புண் ஆறும்வரை வெற்றிலை பாக்கு வேண்டாம். ரத்தம் நிற்காவிட்டால் புதுப் பஞ்சு வைத்து இன்னும் அரை மணி நேரம். அப்போதும் நிற்காவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் காரைக்குடி அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூன்றாம் நாள் வலி குறையாமல் காதுவரை ஏறினால் குழியில் ரத்தக்கட்டி கரைந்திருக்கலாம்; மாத்திரையைக் கூட்டாமல் டாக்டரிடமே திரும்பக் காட்டுங்கள்.