கேள்வி-பதில்: டிராகன் வாங்கி ஏமாந்தவங்களும் லிஸ்டிங் படிக்காதவங்களும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறவங்க கடிதம் கொஞ்ச நாளா சேர்ந்துகிட்டே போகுது, சரி இந்த தடவை டிராகன் மட்டும்தான்னு எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துட்டேன். கடிதங்களை சுருக்கியிருக்கேன், கெட்ட வார்த்தைய வெட்டியிருக்கேன். ஆடாதவங்களுக்கு மட்டும் ரெண்டு வரி: இது டைஸ் உருட்டி ஆளுக்கொரு பாத்திரமா கதை நடத்துற கேம், இதுல ஒவ்வொருத்தருக்கும் அலைன்மென்ட்னு ஒண்ணு உண்டு, அதாவது குணம், லாஃபுல் (ஒழுங்குக்கு கட்டுப்படுறது) நியூட்ரல் (நடுவுல) கேயாட்டிக் (இஷ்டத்துக்கு போறது) ஒரு பக்கம், குட் நியூட்ரல் ஈவில் இன்னொரு பக்கம், மொத்தம் ஒன்பது கட்டம். டிராகனுக்கு மட்டும் கலரை பார்த்தே கட்டம் சொல்லிடுவாங்க. வெள்ளை, கருப்பு, பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் குரோமேட்டிக், கெட்டதுங்க. பித்தளை, செம்பு, வெண்கலம், வெள்ளி, தங்கம் எல்லாம் மெட்டாலிக், நல்லதுங்க.

ஆன்லைன்ல மான்ஸ்டர் மேனுவல், அதான் இந்த கேமோட ஜந்துங்க எல்லாம் இருக்கிற புத்தகம், பாதி விலைக்கும் கம்மியா கிடைச்சுதுன்னு வாங்கினேன். ரெண்டு வாரத்துல நடுப்பக்கம் கழண்டு கையோட வருது. படம் எல்லாம் மங்கல், காப்பர் டிராகனும் பிராஸ் டிராகனும் ஒரே மாதிரி தெரியுது. வித்தவர் ரிட்டர்ன் டைம் முடிஞ்சுதுன்னு சொல்றார். (சென்னை)

டூப்ளிகேட் புத்தகம்தாங்க. ஒவ்வொரு ஜந்துவுக்கும் கணக்கு எல்லாம் போட்டிருக்கிற கட்டம், ஸ்டாட் பிளாக்னு சொல்றது, அதுல இருக்கிற பொடி எழுத்தை பாருங்க, மை கசிஞ்சிருக்கும், ஓரத்துல பக்கம் வெட்டுப்பட்டிருக்கும், பேப்பர் மெலிசா பின்பக்கத்து படம் தெரியும். ஒரிஜினலை ஸ்கேன் பண்ணி அடிச்சிருக்காங்க, கலர் எப்படி சரியா வரும்.

வருத்தப்படாதீங்க, ரிட்டர்ன் டைம் முடிஞ்சுதுங்கிற கதை இங்க செல்லாது. 2020ல வந்த ஈ-காமர்ஸ் விதிகள்ல தெளிவா இருக்கு, பொருள் போலின்னாலோ பழுதுன்னாலோ சொன்ன மாதிரி இல்லைன்னாலோ வித்தவர் திருப்பி எடுக்கவும் காசு தரவும் மறுக்க முடியாது. கழண்ட பக்கத்தையும் பில்லையும் போட்டோ எடுத்து அந்த சைட்டோட குறைதீர் அதிகாரிக்கு எழுத்துல அனுப்புங்க, சாட்ல பேசாதீங்க, சாட்ல பேசினது காத்துல போயிடும். 48 மணி நேரத்துல உங்க புகார் வந்துச்சுன்னு ஒத்துக்கணும், ஒரு மாசத்துல முடிக்கணும். முடிக்கலையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்க. அதுக்கும் அசையலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸே கிடையாது.

காப்பர் ஆசிட் துப்பும், பிராஸ் நெருப்பு துப்பும், ரெண்டும் கேயாட்டிக் குட்தான். புது புத்தகம் வர்ற வரைக்கும் இதை வச்சு சமாளிங்க.

பையன் பிறந்தநாளுக்கு டிராகன் மினியேச்சர் ஒண்ணு வாங்கணும். கோல்ட் நல்லதா ரெட் நல்லதா? (கோயம்புத்தூர்)

கோல்ட் நல்லவன், ரெட் கெட்டவன், பத்துல எட்டு பசங்களுக்கு ரெட்தான் வேணும், அவன்கிட்டயே கேளுங்க.

மகனுக்கு ஏன்ஷியன்ட் ரெட் டிராகன் மினி ஆர்டர் பண்ணேன். வந்ததை பார்த்தா கோழிக்குஞ்சு சைஸ்ல இருக்கு. கேட்டா லிஸ்டிங்ல யங்னு போட்டிருந்தோம்ங்கிறாங்க. நானும் பார்த்தேன், தலைப்புல ரெட் டிராகன்னு மட்டும்தான் இருக்கு, கீழ எங்கயோ யங்னு இருக்கு. (ஹாரோ, லண்டன்)

அம்மா, கீழ எங்கயோ இருக்கிறதை படிக்கத்தான் கீழ வரைக்கும் ஸ்க்ரோல் பண்ண விடுறாங்க.

சரி விடுங்க. டிராகன் வயசு நாலு: வைர்ம்லிங், யங், அடல்ட், ஏன்ஷியன்ட். ஆட்டத்துல ஒரு கட்டம் ஒரு இன்ச், வைர்ம்லிங் ஒரு கட்டம், யங் ரெண்டு, அடல்ட் மூணு, ஏன்ஷியன்ட் நாலு. அதனால ஏன்ஷியன்ட் வேணும்னா அடித்தட்டு குறைஞ்சது நாலு இன்ச்சு, பத்து சென்டிமீட்டர் இருக்கணும், அந்த நம்பர் லிஸ்டிங்ல இல்லைன்னா வாங்காதீங்க, கேட்டும் சொல்லலைன்னா கண்டிப்பா வாங்காதீங்க. போட்டோவை நம்பவே நம்பாதீங்க, குளோசப்ல எடுத்தா பல்லி கூட ஏன்ஷியன்ட்தான்.

நீங்க இருக்கிறது இங்கிலாந்துல, அதனால தப்பிச்சீங்க. ஆன்லைன்ல வாங்கினா கைக்கு வந்து 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம கேன்சல் பண்ணலாம், திருப்பி அனுப்புற செலவு மட்டும் உங்களோடதா இருக்கலாம். திருப்பி அனுப்புற வரைக்கும் மகனை அதுக்கு பெயின்ட் அடிக்க விடாதீங்க.

என்கிட்ட 2014 மான்ஸ்டர் மேனுவல் இருக்கு. 2025ல புதுசு வந்துடுச்சு, டிராகன் அலைன்மென்ட் விஷயம் எல்லாம் மாறிடுச்சு, பழசை வச்சு ஆடினா தப்புன்னு எங்க குரூப்ல ஒருத்தன் சொல்றான். இன்னொருத்தன் பாத்ஃபைண்டர்னு இதே மாதிரி இருக்கிற வேற கம்பெனி கேமுக்கு மாறிடலாம், அதுல அலைன்மென்ட்டே இல்லைங்கிறான். ரெண்டையும் வாங்கிடவா? (ஸ்கார்பரோ, கனடா)

வாங்காதீங்க. இதோட முடிச்சிருப்பேன், ஆனா இது எனக்கு ரொம்ப நாளா இருக்கிற எரிச்சல், அதனால கொஞ்சம் உட்காருங்க.

டிராகன் நல்லவனா கெட்டவனாங்கிறது ஸ்டாட் பிளாக்ல பேருக்கு கீழ இருக்கிற ரெண்டு வார்த்தை. அந்த ரெண்டு வார்த்தைக்காக ஜனங்க திரும்ப திரும்ப காசு குடுத்துகிட்டு இருக்காங்க. 1974ல இந்த கேமோட முதல் பெட்டி வந்தப்போ குட் ஈவில்ங்கிற பேச்சே அலைன்மென்ட்ல கிடையாது, லா, நியூட்ராலிட்டி, கேயாஸ், அவ்வளவுதான். கோல்டை தவிர மத்த மெட்டாலிக் எல்லாம் 1975 கிரேஹாக் சப்ளிமென்ட்லதான் வந்துச்சு. 1977 மான்ஸ்டர் மேனுவல்ல ப்ளூ டிராகன் லாஃபுல் ஈவில், வெள்ளை கேயாட்டிக் ஈவில். நாலே வருஷம் கழிச்சு 1981ல அதே கம்பெனி போட்ட பேசிக் செட்ல ப்ளூவும் வெள்ளையும் நியூட்ரல்! நம்ம ஊர் எம்எல்ஏ கூட கட்சி மாற இதைவிட நல்ல காரணம் சொல்லுவார். 2004ல எபரான்னு ஒரு கற்பனை உலகம் இந்த கேமுக்கு வந்துச்சு, அங்க கலரை வச்சு குணத்தை சொல்லவே முடியாது, தங்க டிராகன் வில்லனா வரலாம், கருப்பு டிராகன் உங்களுக்கு உதவி பண்ணலாம். 2008ல நாலாவது எடிஷன்ல ஒன்பது கட்டத்தை அஞ்சா குறைச்சாங்க, 2014ல மறுபடி ஒன்பது. 2021ல டிராகனுக்குன்னே வந்த ஃபிஸ்பன் புத்தகத்துல, குரோமேட்டிக் மெட்டாலிக் ரெண்டுலயும் சேராத ரத்தின (ஜெம்) டிராகன்களுக்கு நியூட்ரல்னு நேரா போடாம 'பொதுவா நியூட்ரல்'னு போட்டாங்க. ஒவ்வொரு தடவையும் கடைல ஒரு கூட்டம், அய்யோ மாறிடுச்சு மாறிடுச்சுன்னு.

இதுல வேடிக்கை என்னன்னா உங்க கைல இருக்கிற அந்த 2014 புத்தகத்தை எடுங்க, முன்னுரைல அலைன்மென்ட் பத்தின பத்திய படிங்க. போட்டிருக்கிற அலைன்மென்ட் ஒரு ஆரம்பம்தான், உங்க கேம்பெயினுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம், நல்ல குணமுள்ள பச்சை டிராகன் வேணும்னா வச்சுக்கோங்க, யாரும் தடுக்கலைன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. பச்சை டிராகன்னே உதாரணம் குடுத்திருக்காங்க! உங்க ஃப்ரெண்டு அந்த பக்கத்தை தாண்டி நேரா படம் பார்க்க போயிட்டார் போல.

2025 புத்தகத்துல ரெட் டிராகன் இன்னும் கேயாட்டிக் ஈவில்தான். மாறினது வேற, பெரிய டிராகனுக்கு மந்திரம் எல்லாம் ஸ்டாட் பிளாக்குள்ளயே குடுத்திருக்காங்க, சண்டை கணக்கு மாறியிருக்கு, படம் புதுசு. அது வேணும்னா வாங்குங்க, அம்பது அமெரிக்க டாலர் அதுக்கு குடுக்கலாம், நானே வாங்கினேன். அலைன்மென்ட்டுக்காக வேணாம். அந்த வேலைக்கு ஒரு பென்சில் போதும்.

பாத்ஃபைண்டர் விஷயம் உண்மை. 2023 ஜனவரில டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ரூல்ஸை மத்த கம்பெனிங்க பயன்படுத்துற லைசென்ஸ் பத்தி சண்டை வந்துச்சு இல்லையா, அதுக்கப்புறம் பாத்ஃபைண்டர் போடுற பைசோ கம்பெனி அதே வருஷம் நவம்பர்ல ரூல்ஸை திருத்தி போட்டப்போ அலைன்மென்ட்டையே தூக்கிட்டாங்க, இன்னது செய்வேன் இன்னது செய்யவே மாட்டேன்னு எழுதிக்கிற முறை வந்துச்சு. கலர் டிராகனும் போச்சு, ஆர்கேன், டிவைன், ஆக்கல்ட், ப்ரைமல்னு நாலு மந்திர மரபை வச்சு 2024 மான்ஸ்டர் கோர்ல புது டிராகன்கள். கான்ஸ்பிரேட்டர் டிராகன்னு ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. ஆனா ரூல்ஸ் எல்லாம் ஆர்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் சைட்ல இலவசமா, பைசோ அனுமதியோட இருக்கு. முதல்ல அதை வச்சு ஒரு மாசம் ஆடி பாருங்க, அப்புறம் புத்தகம் வாங்குறதை பத்தி பேசலாம்.

பத்து டிராகனோட ஸ்டாட்டும் அலைன்மென்ட்டும் சேர்த்து ஒரு பிடிஎஃப் 12 டாலருக்கு வாங்கினேன். இப்போ அது எல்லாமே இலவசமா கிடைக்குதாமே? ஏமாத்திட்டாங்களா? (சிட்னி)

ஏமாத்தலை, ஆனா வருத்தம் நியாயம். சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட்னு ஒண்ணு இருக்கு, கேம் கம்பெனியே போட்ட அடிப்படை ரூல்ஸ் தொகுப்பு, அதோட 5.1 வெர்ஷனை 2023ல கிரியேட்டிவ் காமன்ஸ்ல, அதாவது யார் வேணா எடுத்துக்கலாம்ங்கிற லைசென்ஸ்ல விட்டாங்க, 2025ல 5.2ம் வந்துச்சு. பத்து வகை, நாலு வயசு, நாப்பது ஸ்டாட் பிளாக்கும் உள்ள இருக்கு. எங்க இருந்து எடுத்தோம்னு குறிப்பு போட்டுட்டு அதை விக்கிறது சட்டப்படி தப்பில்ல. அந்த குறிப்பு உங்க பிடிஎஃப்ல இல்லைன்னா விக்கிற தளத்துக்கு எழுதுங்க, கேக்க ஒரு பிடி கிடைக்கும்.

இதையே அச்சடிச்சு தங்க ஓரம் போட்டு கார்டு கட்டா ஒருத்தர் வித்தார், வாங்கி வச்சிருக்கேன். எழுத்து படிக்க லென்ஸ் வேணும்.

டிராகன் மூச்சு விட்டா எவ்வளவு அடின்னு உருட்டி பார்க்க நிறைய ஆறு பக்க டைஸ் வேணும்னு ஏழு டைஸ் இருக்கிற மெட்டல் செட் அஞ்சு வாங்கினேன். இப்பவும் பத்தலை. (பினாங்கு)

ஏழு டைஸ் செட்ல ஆறு பக்கம் உள்ளது ஒண்ணே ஒண்ணுதான் சார், அஞ்சு செட் வாங்கினா அஞ்சு. 2014 புத்தகப்படி அடல்ட் ரெட் ஒரு தடவை நெருப்பு விட்டா 18 டைஸ், ஏன்ஷியன்ட் விட்டா 26. நீங்க இன்னும் 21 செட் வாங்கணும், கடைக்காரர் உங்க போட்டோவை மாலை போடாம மாட்டி வைப்பார். போர்டு கேம் கடைல ஆறு பக்க டைஸ் மட்டும் டப்பாவா சில்லறை விலைக்கு வரும், பிளாஸ்டிக், அதை வாங்குங்க. மெட்டல் டைஸை மேஜைல உருட்டாதீங்க, எங்க வீட்டு சாப்பாட்டு மேஜைல இருக்கிற குழி எல்லாம் அப்படி வந்ததுதான், அந்த செட் டப்பாவை விட்டு இப்போ வெளிய வர்றதில்ல.

காசு வாங்கிட்டு ஆன்லைன்ல கேம் நடத்துற டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) ஒருத்தர்கிட்ட பத்து செஷனுக்கு முன்பணம் கட்டினோம். நாலாவது செஷன்ல கோல்ட் டிராகன் எங்களை காட்டிக் குடுத்துடுச்சு, கோல்ட் லாஃபுல் குட் ஆச்சே, இது தவறான விளம்பரம் தானே? அதுக்கப்புறம் அவர் ஆளையும் காணோம். (பெங்களூர்)

கோல்ட் டிராகன் துரோகத்துக்கு ரீஃபண்ட் கிடையாது, மேல ஸ்கார்பரோக்காரருக்கு சொன்னதை படிங்க, டிஎம் இஷ்டம். எனக்கு கேட்டா நல்ல திருப்பம்னு சொல்வேன், நல்லவன்னு நம்பின டிராகன்கிட்ட அடி வாங்குற மாதிரி வராது.

ஆனா கடைசி வரியை ஏன் கடைசில போட்டீங்க? ஆறு செஷன் காசு உள்ள இருக்கு, ஆள் ஓடிட்டார், அதுதானே புகார்! தளம் வழியா கட்டினீங்கன்னா இன்னைக்கே தளத்துல டிஸ்ப்யூட் போடுங்க, கார்டுன்னா பேங்க்ல சார்ஜ்பேக் கேளுங்க, அதுக்கெல்லாம் கெடு இருக்கு, நாள் ஆக ஆக கஷ்டம். நேரடியா அனுப்பியிருந்தா மெசேஜ் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு எழுத்துல நோட்டீஸ் குடுங்க. டிராகன் பேச்சை அதுல எழுதாதீங்க, சேவை குறைபாடுன்னு மட்டும் எழுதுங்க. அடுத்த தடவை மாசாமாசம் கட்டுங்க.

சில்வர் டிராகன் பெயின்ட் பண்ணி தர சொல்லி ஒருத்தருக்கு 300 சிங்கப்பூர் டாலர் முழுசா குடுத்தேன். வந்தது வெள்ளை டிராகன் சிலைக்கு சாம்பல் கலர் அடிச்சது. கேட்டா வித்தியாசம் யாருக்கு தெரிய போகுதுங்கிறார். (சிங்கப்பூர்)

உங்களுக்கு தெரியுது, எனக்கு தெரியுது, உங்க டேபிள்ல எல்லாருக்கும் தெரியும். ஒண்ணு பனில வேட்டையாடி திங்கிற முரட்டு ஜென்மம், இன்னொண்ணு மனுஷ உருவம் எடுத்து மனுஷங்களோட பழக ஆசைப்படுற லாஃபுல் குட். ரெண்டுமே குளிர்தான் ஊதும், அதோட ஒத்துமை முடிஞ்சுது. திமிர் பிடிச்ச பதில் சொன்னதுக்கே அவரை விடக்கூடாது.

கஸ்டம் வேலைனாலும் கேட்டது ஒண்ணு குடுத்தது ஒண்ணுன்னா உங்க பக்கம் நியாயம் இருக்கு. நீங்க சில்வர்னு எழுதின மெசேஜ், சாம்பிள் படம், பணம் போன ரசீது, இந்த மூணையும் எடுத்து வைங்க. ஒரு கெடு தேதி போட்டு எழுதுங்க. நகரலைன்னா ஸ்மால் க்ளெய்ம்ஸ் ட்ரிப்யூனல், 20,000 டாலர் வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வேணாம், ஆன்லைன்லயே போடலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். முழு பணமும் முன்னாடி குடுக்காதீங்கன்னு இப்போ சொல்லி பிரயோஜனம் இல்ல, இருந்தாலும் சொல்றேன்.

ஜெம் டிராகன் எல்லாம் நியூட்ரலாமே, அதுக்காக ஃபிஸ்பன் வாங்கலாமா? (மதுரை)

அதுக்காக மட்டும்னா வேணாம், டிராகன் குகை, புதையல் பத்தின பக்கங்களுக்காக வாங்கலாம்.

அஞ்சு தலை டிராகன் தெய்வம் டியாமட் சிலை வாங்கினேன், அஞ்சு தலைல நாலுதான் பெட்டில இருக்கு. கடைக்காரர் ஒரு தலை இல்லைன்னா என்ன, அழகாத்தானே இருக்குங்கிறார். எந்த தலை காணோம்னு கூட எனக்கு தெரியலை. (திருச்சி)

குரோமேட்டிக் கலருக்கு ஒரு தலை: வெள்ளை, கருப்பு, பச்சை, நீலம், சிவப்பு. இருக்கிறதை எண்ணி எது இல்லையோ அதை பேர் சொல்லி எழுத்துல கேளுங்க, தயாரிச்ச கம்பெனிக்கும் ஒரு காப்பி போடுங்க, விட்டுப்போன பாகத்தை அனுப்பி வைக்கிற கம்பெனிங்க உண்டு. பெட்டி, உள்ள இருந்த பிளாஸ்டிக் தட்டு, எதையும் தூக்கி போடாதீங்க, பதில் வர்ற வரைக்கும் மத்த நாலு தலையையும் பசை போட்டு ஒட்டிடாதீங்க.