அரை ஏக்கரை விற்காதீர்கள்

கோத்தகிரிப் பக்கமிருந்து போன வாரம் ஒரு தம்பதி மகளின் மேற்படிப்பு பற்றி யோசனை கேட்க அவளோடு என்னிடம் வந்திருந்தார்கள். கோவையில் தனியார் கல்லூரி ஒன்றில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்க நினைக்கிறார்கள். அதற்கு அரை ஏக்கர் தேயிலையை விற்கலாமா என்று அப்பா கேட்டார். "பெரியப்பாவும் மாமாவும் சொல்லிட்டாங்க" என்றார் அம்மா. பெண்ணிடம் மட்டும் யாரும் கேட்டிருக்கவில்லை.

நான் கேட்டேன். திருப்பூரில் அத்தை வீட்டுக்குப் போனபோது சாயக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றைப் பார்த்திருக்கிறாள். ஊருக்கு வந்ததும் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயக் கரைசலில் துத்தநாக ஆக்சைடு பொடியைக் கலந்து, ஒரு பாட்டிலை மொட்டை மாடி வெயிலிலும் இன்னொன்றை அலமாரி இருட்டிலும் வைத்தாளாம். மூடுபனி விலக நான்கு நாள் காத்திருந்தாளாம். நிறத்தைப் போக்குவது பொடியா, வெறும் வெயிலா என்று பார்க்க, பொடி போடாத மூன்றாவது பாட்டில் ஒன்றையும் வெயிலில் வைத்திருக்கிறாள். அதை யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு அந்த மூன்றாவது பாட்டில் போதும். விற்காதீர்கள்.

அவள் தொட்டது விளையாட்டல்ல. துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற ஒளிவினையூக்கிகள்மேல் (ஒளி பட்டால் வேதிவினையைத் தூண்டும் பொருள்கள்) புற ஊதா ஒளி பட்டால் எலக்ட்ரான் ஒன்று மேலே தாவும். அது விட்டுப்போன வெற்றிடம் தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் தனிஉறுப்புகள் என்ற, எதையும் சட்டென்று தாக்கும் துகள்களை உண்டாக்கும். சாய மூலக்கூறைத் துண்டாடுபவை அவைதான். ஆனால் வெயிலில் புற ஊதா சுமார் 5 சதவீதமே. அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே வேலை செய்யும் பொருளைத் தேடுகிறார்கள். பொடியைத் தண்ணீரிலிருந்து திரும்பப் பிரிப்பதும் பெரும்பாடு. நிறம் போனால் நஞ்சு போனதாகவும் ஆகாது. உடைந்த துண்டுகளே கெடுதலாக இருக்கலாம்.

ஒன்றை மறைக்க மாட்டேன். 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியேறக் கூடாது என்பதே அங்கே சட்டம். அந்த வேலையைப் பெரும்பாலும் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கிகளும் செய்கின்றன. மின்செலவு கடுமை, மிஞ்சும் உப்பு இன்னொரு தலைவலி. ஒளிவினையூக்கம் இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. ஆள் தேவைப்படுவதும் அதனால்தான்.

ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் எடுக்கட்டும். அரசுப் பள்ளியில் படித்தவள், 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். பட்டத்தோடு நின்றால் பயனில்லை, இதில் நான் கண்டிப்பு. இரண்டாம் ஆண்டிலிருந்தே ஜாம் தேர்வுக்குப் படிக்க வேண்டும். அதன் வழியாக ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு ஆய்வு. சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் என்று தமிழ்நாட்டுக்குள்ளேயே இடங்கள் உண்டு. ஆராய்ச்சி வேண்டாமென்றால், சுத்திகரிப்பு நிலைய ஆய்வகங்களுக்கும் வேதியியல் படித்தவர்கள் வேண்டும்.

கணிதப் பாடத்தை மட்டும் அவள் விட்டுவிடக் கூடாது. நிலத்துக்கு முன்பணம் வாங்கியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள். பெரியப்பாவை என்னிடம் அழைத்து வாருங்கள், நான் பேசுகிறேன்.