உச்ச நீதிமன்றத்தில் ஒரு நாற்காலி காலியானால் டாலஸில் இருக்கும் உங்களுக்கு என்ன?

டாலஸிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சார், போன வருஷம்தான் சிட்டிசன்ஷிப் கிடைத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வயதான நீதிபதி ஒருவர் விலகப் போகிறார், அதிபர் தன் ஆளைப் போட்டதும் எல்லாம் தலைகீழாகிவிடும் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு. பையன் பதினோராம் வகுப்பு, காலேஜ் அட்மிஷன் நெருங்குகிறது. மச்சினி எச்-4 விசாவில் வேலை பார்க்கிறாள். பயப்பட வேண்டுமா? என் ஓட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?"

உங்கள் குழுவில் எல்லோரும் யார் வரப் போகிறார் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் முதலில் யார் போகிறார் என்று கேளுங்கள், பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

நம் ஊர்க் கணக்கு இங்கே உதவாது. இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 62, உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65 வயதில் ஓய்வு, எந்த நாற்காலி எந்த மாதம் காலியாகும் என்பதைப் பல வருஷம் முன்பே எழுதி வைத்துவிடலாம். அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிபதிக்கு ஓய்வு வயதே கிடையாது. உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது பேர், 1869 முதல் அதே எண்ணிக்கைதான். நடைமுறையில் ஒருவர் இறக்க வேண்டும் அல்லது தானாக விலக வேண்டும், அப்போதுதான் இடம் உண்டு. அதனால் ஜிம்மி கார்ட்டர் நான்கு வருஷம் அதிபராக இருந்தும் உச்ச நீதிமன்றத்துக்கு ஒருவரைக்கூட நியமிக்க முடியாமல் போனார், டிரம்ப் தன் முதல் நான்கு வருஷத்தில் மூன்று பேரை நியமித்தார். இதில் திறமை பாதி, அதிர்ஷ்டம் பாதி என்றுகூடச் சொல்ல மாட்டேன், அதிர்ஷ்டமே முக்கால்வாசி.

சரி, யார் போகிறார் என்பது ஏன் முக்கியம்? 2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா இறந்தார், அந்த இடத்துக்கு 2017இல் கோர்சச் வந்தார். இருவரும் கன்சர்வேடிவ் அணி (குடியரசுக் கட்சிக்கு நெருக்கமான பழமைவாதப் பக்கம்; ஜனநாயகக் கட்சிக்கு நெருக்கமான எதிர்ப்பக்கம் லிபரல்), ஆகவே அவ்வளவு பெரிய அரசியல் சண்டைக்குப் பிறகும் தராசு பழைய இடத்திலேயே நின்றது. 2022இல் பிரையர் விலகி, ஒரு காலத்தில் அவரிடமே சட்ட உதவியாளராக இருந்த கேட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் வந்தபோதும் அப்படித்தான், லிபரல் போய் லிபரல். ஆனால் 1991இல் லிபரலான தர்குட் மார்ஷல் விலகிய இடத்தில் கன்சர்வேடிவான கிளாரன்ஸ் தாமஸ் வந்து உட்கார்ந்தார் பாருங்கள், அது நேர் எதிர்த் திசை. மார்ஷல் இறந்தது 1993 ஜனவரியில், கிளின்டன் பதவியேற்ற சில நாட்களிலேயே. இன்னும் ஒன்றரை வருஷம் அவர் தாக்குப் பிடித்திருந்தால் அந்த இடத்தை ஜனநாயகக் கட்சி அதிபர் நிரப்பியிருப்பார். தாமஸ் முப்பது வருஷத்துக்கு மேலாக அங்கே இருக்கிறார்.

இதைவிட நுணுக்கமான விஷயம் நடுவில் இருப்பவர். ஒன்பது பேரை வலமிருந்து இடமாக வரிசையாக நிறுத்தினால் ஐந்தாவது ஆள் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அதுதான் தீர்ப்பு. பல வருஷம் சாண்ட்ரா டே ஓ'கானர் அந்த இடத்தில் இருந்தார். கருக்கலைப்பில் ஒரு குறிப்பிட்ட முறைக்குப் போட்ட தடையை 2000இல் 5-4 என்று ரத்து செய்தார்கள், ஐந்தில் ஒருவர் அவர். அவர் விலகி 2006இல் அலிட்டோ வந்தார், 2007இல் கிட்டத்தட்ட அதே மாதிரித் தடை, 5-4 என்று செல்லும் என்றார்கள். அரசியல் சாசனம் மாறவில்லை, வாதங்களும் பெரிதாக மாறவில்லை, மாறியது ஒரே ஒரு நாற்காலி.

அப்புறம் நீதிபதி ஆந்தனி கென்னடி நடு ஆளானார். 2018இல் அவர் விலகி கவனா வந்ததும் நடு இடம் தலைமை நீதிபதி ராபர்ட்ஸுக்கு நகர்ந்தது. 2020இல் லூசியானாவின் கருக்கலைப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அவர் ஓட்டுதான் வீழ்த்தியது, நான்கு வருஷம் முன்பு டெக்சாஸின் அதே மாதிரிச் சட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர், முன் தீர்ப்பை மதிக்க வேண்டும் என்று சொல்லி இந்தப் பக்கம் வந்தார். அதே வருஷம் செப்டம்பரில் லிபரலான கின்ஸ்பர்க் இறந்து அக்டோபரில் கன்சர்வேடிவான பாரெட் வந்தார், கணக்கு 6-3, கன்சர்வேடிவ் ஆறு, லிபரல் மூன்று. கருக்கலைப்பை அரசியல் சாசன உரிமையாக்கிய ரோ தீர்ப்பை 2022இல் ரத்து செய்தபோது ராபர்ட்ஸ் அந்த அளவுக்குப் போக மறுத்தார், ஆனால் அவர் இல்லாமலே ஐந்து பேர் இருந்தார்கள். அவர் தயங்குவதற்கு அதன் பிறகு பழைய விலை இல்லை.

ஆக, உங்கள் குழு பேசும் விஷயத்துக்கு வருவோம். இதை எழுதும்போது நீதிமன்றத்தில் மூத்தவர்கள் இருவர், 1948இல் பிறந்த தாமஸும் 1950இல் பிறந்த அலிட்டோவும். இவர்களில் ஒருவர் விலகி, குடியரசுக் கட்சி அதிபர் ஐம்பது வயதுக்காரர் ஒருவரைப் போட்டால் 6-3 அப்படியே 6-3தான், ஆனால் அந்த ஆறில் ஒன்று இன்னும் இருபத்தைந்து, முப்பது வருஷத்துக்குப் பூட்டப்படும். தலைகீழ் என்று அதைச் சொல்ல முடியாது. லிபரல் நாற்காலி ஒன்று காலியானால்தான் கதை வேறு.

பையன் விஷயத்தில் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. அட்மிஷனில் இனத்தையும் ஒரு அம்சமாகப் பார்க்கலாம் என்று 2003இல் 5-4 தீர்ப்பை எழுதியவர் ஓ'கானர், 2016இல் அதைக் காப்பாற்றியவர் கென்னடி. இருவர் இடமும் கைமாறிய பிறகு 2023இல் ஹார்வர்டு, வடக்கு கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில் அது முடிவுக்கு வந்தது. அடுத்து ஒருவர் விலகுவதால் உங்கள் பையனுக்கு இதில் புதிதாக எதுவும் ஆகாது.

மச்சினி விஷயம் கொஞ்சம் வேறு. எச்-4 (எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் கணவன் அல்லது மனைவிக்குத் தரும் விசா) வேலை அனுமதி 2015இல் ஒரு அரசு விதியாக வந்தது, நாடாளுமன்றச் சட்டமாக அல்ல. அதை எதிர்த்த வழக்கில் விதி செல்லும் என்று 2024 ஆகஸ்டில் சொன்னது வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம். (அதன் தலைமை நீதிபதி ஸ்ரீ ஸ்ரீனிவாசனின் அப்பாவுக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஸ்காலியா இடத்துக்கு ஒபாமா யோசித்த பெயர்களில் அவருடையதும் ஒன்று.) ஒரு நீதிபதி விலகுவதைவிட, நிர்வாகமே விதியைத் திரும்பப் பெற முயல்வதுதான் அவளுக்கு நேரடி ஆபத்து, கவனிக்க வேண்டிய இடம் அது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உச்ச நீதிமன்றம் வருஷத்துக்கு அறுபது, எழுபது வழக்குகளில்தான் முழு விசாரணை நடத்தித் தீர்ப்புச் சொல்கிறது. மற்ற எல்லாமே கீழே முடிந்துவிடும். கீழ் நீதிமன்றங்களுக்கும் சேர்த்து டிரம்ப் முதல் முறை 234 பேரையும் பைடன் 235 பேரையும் நியமித்தார்கள், செய்தியில் அது பற்றி எவ்வளவு பார்த்தீர்கள்? உச்ச நீதிமன்றத்தில் இடம் காலியாக இருக்கும்போது கீழ் நீதிமன்றத்தின் பலம் இன்னும் கூடும். 2016இல் ஒபாமாவின் குடியேற்றத் திட்டத்தை எதிர்த்து டெக்சாஸ் போட்ட வழக்கு 4-4 என்று நின்றது. சமநிலை என்றால் கீழே சொன்னது நிற்கும், ஆகவே திட்டத்துக்கு விழுந்த தடை அப்படியே தொடர்ந்தது, லட்சக்கணக்கானவர்களின் வேலை அனுமதி கனவோடு போனது.

ஓட்டு? நிச்சயம் சம்பந்தம் உண்டு, ஆனால் எல்லோரும் பார்க்கும் அதிபர் தேர்தலோடு அது நிற்பதில்லை. அதிபர் பெயரைச் சொல்வார், ஒப்புதல் தருவது செனட். 2014 தேர்தலில் செனட் குடியரசுக் கட்சியிடம் போனது. அதனால்தான் 2016 மார்ச்சில் ஒபாமா பரிந்துரைத்த மெரிக் கார்லண்டுக்கு விசாரணைக் கூட்டம்கூட நடக்கவில்லை, தேர்தல் முடியட்டும் மக்கள் சொல்லட்டும் என்றார்கள். அதே கட்சி 2020இல் தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு பாரெட்டை 52-48 என்று உட்கார வைத்தது. கொள்கை என்று இதில் தேடாதீர்கள், செனட்டில் யாருக்குப் பெரும்பான்மை என்பது ஒன்றுதான் இரண்டு கதையையும் விளக்கும். 2017க்கு முன், எதிர்ப்பவர்கள் பேசிப் பேசியே ஓட்டெடுப்பைத் தள்ளிப்போட்டால் அதை நிறுத்த 60 ஓட்டு தேவைப்பட்டது, இப்போது சாதாரணப் பெரும்பான்மையே போதும். இதெல்லாம் தெரிந்துதான் நீதிபதிகளும் நேரம் பார்த்து விலகுகிறார்கள். கின்ஸ்பர்க்கை ஒபாமா காலத்திலேயே, செனட் கையில் இருக்கும்போதே விலகச் சொல்லி அவர் பக்கத்தினரே கெஞ்சினார்கள், அவர் கேட்கவில்லை.

உங்கள் மாநிலத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேரையும், கட்சிப் பெயர் போட்ட வாக்குச் சீட்டில் ஆறு வருஷத்துக்கு ஒருமுறை நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள். பலர் சீட்டின் அந்தப் பகுதி வந்ததும் பெயர் தெரியாமல் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். தேர்தலுக்கு 30 நாள் முன்பே வாக்காளராகப் பதிந்திருக்க வேண்டும், புதிதாகப் பதிபவருக்கு அங்கே பொதுவாக ஆன்லைன் வசதி கிடையாது, படிவத்தைக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். சிட்டிசன்ஷிப் விழாவில் அந்தப் படிவத்தைக் கொடுத்திருந்தால், நிரப்பி அனுப்பினீர்களா என்று முதலில் பாருங்கள்.