பல்லைப் பற்றிக் கேளுங்கள்: காவிப் பல்லும் தை மாதக் கல்யாணமும்

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு வயது 24. முன்பற்களில் சின்ன வயதிலிருந்தே காவிக் கோடு. எந்தப் பேஸ்ட்டுக்கும் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டில் ஒரு அம்மா, "பாக்கு போடுவாளா?" என்றே கேட்டுவிட்டார். தை மாதம் கல்யாணம். பல் நிறப் பசையை மேலே ஒட்டும் பாண்டிங் செய்தால் ஒரே நாளில் வெள்ளையாகிவிடும் என்கிறார்கள். இன்னொருவர் ஆறு பல்லுக்கும் கேப் போடச் சொல்கிறார். எதைச் செய்யட்டும்?
- ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: முதலில் பேஸ்ட்டுக்குச் செலவழிப்பதை நிறுத்து கண்ணு. நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் இது மேலே படிந்த கறை இல்லை, பல்லின் மேல் ஓடான எனாமல் உருவாகும்போதே, தண்ணீரில் அதிகமாக இருந்த ஃப்ளோரைடு உப்பால் உள்ளே ஏறிய நிறம். குடிநீரில் ஃப்ளோரைடு அதிகபட்சம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் இருக்கலாம். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல ஊர் போர் தண்ணீரில் அதற்கு மேல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்தபோது உன் முன்பல் முளைத்தே பல வருடம் ஆகியிருக்கும். பாக்கு என்று கேட்ட அந்த அம்மாவிடம் இதைத் தாராளமாகப் படித்துக் காட்டு.

கேப் வேண்டாம். அதற்குப் பல்லைச் சுற்றிலும் ராவ வேண்டும். ராவிய எனாமல் திரும்ப வளராது. எனாமல் பொத்தல் பொத்தலாக உதிர்கிறது என்றால் வேறு கதை. வெறும் நிறத்துக்காக 24 வயதில் ஆறு பல்லை ராவ நான் சம்மதிக்க மாட்டேன்.

பாண்டிங் நல்லதுதான், ஆனால் அதுவே முதல் படி இல்லை. கோடு ஆழமில்லை என்றால் மேல் எனாமலை அமிலப் பசையால் மிக லேசாகத் தேய்த்தே பெருமளவு குறைத்துவிடலாம். ப்ளீச்சிங் செய்வதாக இருந்தால் அதையும் முன்னாடியே முடித்து, இரண்டு வாரம் விட வேண்டும். உடனே பாண்டிங் செய்தால் ஒட்டு சரியாகப் பிடிக்காது. பாண்டிங் பசையோ பிறகு எந்த ப்ளீச்சுக்கும் வெளுக்காது. அதனால் தைக் கல்யாணத்துக்கு ஐப்பசியிலேயே டாக்டரைப் பார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒன்றைக் கவனி. பல் ஈரமாக இருக்கும்போதே, ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்க்கிறார்களா? வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து வெளுத்துத் தெரியும். அந்த நிறத்துக்குப் பசை எடுத்தால், மறுநாள் வெள்ளை வேட்டியில் போட்ட ஒட்டு மாதிரி தனியாகத் தெரியும். அப்புறம், பசை நன்றாகப் பிடிக்கப் பல்லில் தடவும் அமில ஜெல். ஃப்ளோரைடு ஏறிய எனாமலை அமிலம் சீக்கிரம் அரிக்காது, கொஞ்சம் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். நம்மூர்ப் பல்லைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தெரியும். கழுவி உலர்த்தி, ஒட்டும் திரவம் தடவி, பசையை மெல்லிய அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றையும் நீல விளக்கில் இறுக வைப்பார்கள். கடைசிப் பாலிஷை அவசரமாக முடிக்க விடாதே. பாலிஷ் சரியில்லாத பல்லில்தான் டீக்கறை ஓடிப்போய் உட்காரும்.

ஆயுசுக்கும் நிற்காது. சில வருடங்களில் ஓரம் மங்கும், உதிரும். அப்போது அந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் போதும்.

கேள்வி: பதினொரு வயது மகன் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் மூலை உடைந்துவிட்டது. உடைந்த துண்டு கையில் இருக்கிறது. உபயோகப்படுமா?
- ஒரு தந்தை, காவேரிப்பட்டினம்

பதில்: படும் சார். பேப்பரில் மடித்து வைக்காமல் தண்ணீரிலோ பாலிலோ போட்டு எடுத்துப் போங்கள். பொருந்தினால் அந்தத் துண்டையே ஒட்டிவிடலாம், இல்லாவிட்டால் பாண்டிங் பசையால் மூலையைக் கட்டலாம். உடைந்த இடத்தில் சிவப்புப் புள்ளியோ ரத்தமோ தெரிந்தால் நரம்பு வெளியே வந்திருக்கிறது. நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஒட்டிய பிறகும் பல் கருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். உங்கள் பக்கம் மாங்காய்க்குப் பஞ்சமில்லை. பெங்களூராவை அந்தப் பல்லால் கடித்து இழுக்க விடாமல், நறுக்கிக் கொடுங்கள்.